தாரின் முன்பம்பரில் வின்ச் மாட்டலாமா?

கள்ளிக்குடிப் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2021 மஹிந்திரா தார் டீசல் ஜீப் வைத்திருக்கிறேன் அண்ணே. கரிசல் காட்டுக்கும் கண்மாய்க்கரைக்கும் போய்வரும் வண்டி. ஐப்பசி மழையில் இரண்டு தடவை சேற்றில் மாட்டிக்கொண்டது. மதுரையில் ஒரு பட்டறையில், இப்போது இருக்கும் பம்பரிலேயே தகடு வைத்து வெல்டிங் அடித்து 12,000 பவுண்டு வின்ச் மாட்டித் தருகிறேன், காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். செய்யலாமா?"

அந்தப் பம்பரில் வேண்டாம் தம்பி. 12,000-மும் வேண்டாம். ஒரே நாளில் நிச்சயமாக வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதியை நான் வண்டியை உடைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நம் பக்கத்தில் வின்ச், அதாவது மோட்டாரால் வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி, என்றால் முக்கால்வாசிப் பேருக்குப் பழனி மலைதான் நினைவுக்கு வரும். அங்கே மோட்டார் கான்கிரீட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், வடத்தின் மறுமுனையில் பெட்டி ஏறி இறங்கும். வண்டியில் மாட்டுகிற வின்ச்சில் இது தலைகீழ். மறுமுனையில் மரம் நிற்கும். மோட்டாரும் அதைச் சுமக்கிற வண்டியும் சேர்ந்து மரத்தை நோக்கி நகர வேண்டும். எப்படி இருந்தாலும் வடத்தின் இரண்டு முனையும் ஒரே அளவுதான் இழுபடும். மரத்தை மூன்று டன் இழுத்தால் வின்ச் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் அதே மூன்று டன் பிடித்து இழுக்கிறது. மரத்தை மட்டும் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். பம்பருக்குப் பின்னால் குனிந்து ஒருவரும் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. அப்போது என்னிடம் பழைய மேஜர் ஜீப் ஒன்று இருந்தது. கனமான சேனல் பம்பர், அடித்தால் மணி மாதிரி கணீர் என்று கேட்கும், அதனால் தாங்கும் என்று நினைத்தேன். ஒரு பட்டறையில் பம்பரின் மேல்பக்கம் தகடு வைத்து, அதன்மேல் வின்ச்சை உட்காரவைத்துக் கொடுத்தார்கள். பார்க்க அம்சமாக இருந்தது. சோழவந்தான் பக்கம் வைகை மணலில் பின்சக்கரம் அச்சு வரை இறங்கியபோது முதல்முறையாக இழுத்தேன். வடம் இறுகியது, வண்டி ஒரு சாண் நகர்ந்தது. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி நின்ற இடத்தில் நிற்க, வின்ச் மட்டும் மரத்தைப் பார்த்துத் தலை குனிந்தது. இறங்கிப் பார்த்தால் பம்பர் சேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சேஸியோடு பிடித்திருந்த இடதுபக்க பிராக்கெட் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. வெல்டிங் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். அந்த பிராக்கெட் மூன்று மில்லிமீட்டர் தகடு.

அன்றைக்கு எனக்குப் புரிந்த கணக்கு இது. வின்ச்சிலிருந்து வடம் வெளியேறும் உயரமும் பம்பரைப் பிடிக்கும் போல்ட்டுகளின் உயரமும் ஒன்றாக இருந்தால் இழுவை நேராகப் போகும். வடம் 15 சென்டிமீட்டர் மேலே இருந்தால், நேர் இழுவையோடு ஒரு முறுக்கும் சேர்ந்துகொள்ளும். நான்கு டன் இழுவையை 0.15 மீட்டரால் பெருக்கிப் பாருங்கள், 600 வரும். பம்பரில் ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையை நீட்டி வைத்து அதன் நுனியில் 600 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. பம்பரைப் பிடிக்கும் பிராக்கெட்டை யாரும் அதற்காகச் செய்வதில்லை. உங்கள் தாரில் கம்பெனி கொடுத்த முன்பகுதி இன்னும் மோசம், அதாவது இந்த வேலைக்கு மோசம். அது மோதலில் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் இருக்கிறது. மடங்கச் செய்த பொருளில் மடங்காத வேலையை வாங்கக் கூடாது.

ஆகவே பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த கம்பெனி வின்ச், எத்தனை பவுண்டு என்பதில்லை. "அண்ணே, இழுவை எது வழியாகப் போய் சேஸியில் சேரும்? விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தார் ஏணிச்சட்ட வண்டி, அதாவது ஏணி மாதிரியான தனி இரும்புச் சட்டத்தின்மேல் உடல் உட்கார்ந்திருக்கும் வண்டி. ஜிம்னி, பொலேரோ, கூர்க்கா எல்லாமே அப்படித்தான். முன்னால் இரண்டு சேஸிக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். வின்ச் உட்காரும் தொட்டில், ஐந்தாறு மில்லிமீட்டர் தகட்டில், இந்த இரண்டு கொம்புகளையும் நேராகப் பிடித்து, போல்ட்டு போட்டு நிற்க வேண்டும். பம்பர் என்பது அந்தத் தொட்டிலுக்கு மேல் போர்த்திய சட்டை, அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி எறிந்தாலும் வின்ச் தன் வேலையைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாது என்றால் அந்த வடிவமைப்பே தப்பு. அவர் விரல் பம்பரில் தொடங்கி பம்பரிலேயே முடிந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சேஸியில் வெல்டிங் கூடாது. ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட்டு போடுவதுதான் முறை. வெல்டிங் சூட்டில் சேஸி இரும்பின் குணம் அந்த ஓரத்தில் மாறிவிடும். வருடக்கணக்கில் குலுங்கிக் குலுங்கி விரிசல் அங்கேதான் தொடங்கும். தொட்டிலைத் தனியாக மேசையில் வைத்து வெல்டிங் அடித்து, முக்கோண முட்டுத் தகடுகள் கொடுத்து, கொண்டுவந்து மாட்டட்டும். கப்பலூர் சிட்கோவிலும் புதூர் தொழிற்பேட்டையிலும் தகடு வெட்டி வளைக்க இடம் இருக்கிறது. அளவை அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்து, பிறகு தகட்டில் வெட்டச் சொல்லுங்கள். அட்டை வைத்து அளவு எடுக்கிற பட்டறையைப் பார்த்தால் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிடும்.

வின்ச்சின் அடியில் நான்கு போல்ட்டுத் துளைகள் இருக்கும். 8,000 முதல் 12,000 பவுண்டு வரை பெரும்பாலான வின்ச்களில் இந்தத் துளைகளின் இடைவெளி ஒன்றுதான்: அகலத்தில் 254 மில்லிமீட்டர், ஆழத்தில் 114.3 மில்லிமீட்டர். எம் 10 போல்ட்டு, குறைந்தது 8.8 தரம். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். பொறிக்காத போல்ட்டைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள், அது கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடுவது. இப்படி ஒரு போல்ட்டு பக்கவாட்டு வெட்டில் ஏறத்தாழ 2.8 டன் தாங்கும். நான்கும் சேர்ந்தால் 11 டன். வின்ச் இழுப்பதோ நான்கு சொச்சம். அப்புறம் ஏன் போல்ட்டு அறுகிறது என்றால், நான்கும் சேர்ந்து தாங்குவதில்லை. தகடு நேராக இல்லாவிட்டால், துளையை கேஸ் கட்டரில் ஊதி முட்டை வடிவத்தில் விட்டிருந்தால், இரண்டு போல்ட்டு வேலை செய்யும், மற்ற இரண்டு வேடிக்கை பார்க்கும். அதனால் துளையைத் துளைப்பானில்தான் போட வேண்டும். தகடு வளைந்திருந்தால் வின்ச்சின் மோட்டாரும் கியரும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல், வடம் சுற்றும் உருளையான டிரம் காலியாக இருக்கும்போதே கரகரவென்று ஓடும். போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்து, தடை இல்லாமல் சுற்றுகிறதா என்று உறுதிசெய்து பிறகு முறுக்குங்கள். இந்த ஒரு வேலையை நான் பார்த்த பட்டறைகளில் பாதிப் பேர் செய்ததில்லை.

போல்ட்டின் நீளத்தையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் நீளமாக இருந்தால் துளையின் அடியில் முட்டி அலுமினிய உறையை உடைத்துவிடும். குட்டையாக இருந்தால் மரை பிடிக்காது. வின்ச்சோடு வரும் போல்ட்டு, வின்ச் கம்பெனி நினைத்த தகட்டுக் கனத்துக்கானது. உங்கள் தகடு வேறு கனமாக இருந்தால் வேறு நீளம்தான் தேவைப்படும்.

கிளட்ச் லீவரை மறந்துவிடாதீர்கள். டிரம்மை விடுவித்துக் கையால் வடத்தை இழுக்க உதவும் அந்த லீவர், பம்பர் தகட்டுக்குள் போய் மறைந்துவிட்டால், சேற்றில் முழங்கால் அளவு நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்ப வேண்டியதுதான். பெரும்பாலான வின்ச்களில் கியர் பெட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டி லீவரைக் கை எட்டும் பக்கம் கொண்டுவரலாம்.

சரி, எத்தனை பவுண்டு? வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு என்பதுதான் பழகிய கணக்கு. உங்கள் தார் ஆள், டீசல், சாமான், இந்தப் புதுத் தொட்டில் எல்லாம் ஏறினால் 2,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு 3,300 கிலோ. பவுண்டில் 7,300 அளவு. 9,500 பவுண்டு, அதாவது 4,300 கிலோ, தாராளமாகப் போதும். 12,000 என்பது 5,440 கிலோ. பெரியது நல்லதுதானே என்று தோன்றும். பல மாடல்களில் மோட்டார் கிட்டத்தட்ட ஒன்றுதான், கியர் விகிதத்தை மாற்றியிருப்பார்கள்; அதனால் மெதுவாக இழுக்கும். எடை கூடும். அதோடு, உங்கள் தொட்டிலையும் வடத்தையும் கொக்கியையும் மரத்தையும் கூடுதல் பலத்தோடு சோதிக்கும். ஜிம்னி மாதிரி 1,200 கிலோ வண்டி என்றால் 8,000-க்கு மேல் தேவையே இல்லை.

இந்த 9,500 என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது டிரம்மில் வடம் ஒரே ஒரு அடுக்கு மீதி இருக்கும்போது கிடைக்கும் பலம். வடம் முழுக்கச் சுற்றியிருந்தால் டிரம்மின் குறுக்களவு பெருத்து, பலம் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது பக்கத்திலேயே இருக்கும் மரத்தில் கட்டினால் உங்கள் 4,300 கிலோ வின்ச் 2,600 கிலோ வின்ச்தான். தூரத்து மரத்தில் கட்டுங்கள். அல்லது நடுவில் கப்பி போடுங்கள். கிணற்றடியில் பார்த்துப் பழகிய அதே கப்பிதான், இரும்பில் கனமாக இருக்கும். வடத்தை மரத்தடிக் கப்பியில் சுற்றித் திரும்ப வண்டியிலேயே மாட்டினால் வேகம் பாதியாகும், பலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆனால் மரத்தின்மேல் விழும் இழுவையும் இரட்டிப்பாகும், அதை மறந்துவிட்டுத்தான் வேரோடு சாய்ப்பார்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பம்பருக்கு அடுத்தபடி ஏமாற்று நடப்பது இங்கேதான். 9,500 பவுண்டு வின்ச் முழு இழுவையில் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். ஆல்டர்னேட்டர் கொடுப்பது நூறு சொச்சம். மீதியெல்லாம் பேட்டரியிலிருந்து. அதனால் இழுக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் ரேஸ் கொடுத்து. ஒரு நிமிடம் இழுத்தால் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். மோட்டார் உறையில் கை வைக்க முடியவில்லை என்றால் இன்னும் பொறுங்கள்.

கேபிள் கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர், மொத்தம் நான்கு. 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 400 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் இறங்கும். அது சரி. பட்டறையில் மீதம் கிடந்த 16 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால் 1.75 வோல்ட் இறங்கும். 700 வாட் சூடு கேபிளிலேயே தங்கும். துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ் ஒன்றை பானெட்டுக்குள் ஆன் பண்ணி வைத்த மாதிரிதான். வின்ச்சோடு வந்த கேபிள் நீளம் போதவில்லை என்று நடுவில் ஒட்டுப்போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முழு நீளத்துக்குப் புதுக் கேபிள் வாங்குங்கள். செம்பு வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், அதுவே போதும். அலுமினியத்தில் செம்பு முலாம் பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், பார்க்க அப்படியே இருக்கும். ஓரத்தைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். அதைத் தொடவே வேண்டாம். கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்காமல், கருவியில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நெகட்டிவ் கேபிளைப் பம்பரில் ஒரு போல்ட்டில் மாட்டிவிட்டு 'எர்த் கொடுத்தாச்சு' என்பார்கள். பெயின்ட் பூசிய தகடு வழியாக 400 ஆம்பியர் திரும்பி வராது. கேபிள் பேட்டரி வரை போக வேண்டும். பாசிட்டிவ் கேபிளில், பேட்டரிக்குப் பக்கத்தில், லாரியில் இருப்பது போல ஒரு கட் ஆஃப் சுவிட்ச். இதற்குக் காரணம் பயம்தான். எதிரில் மாடு வந்து, லேசாக இடித்து, பம்பர் தகடு கேபிளை நசுக்கினாலும் போதும், ஃபியூஸ் இல்லாத அந்தக் கம்பி வண்டியையே எரித்துவிடும். வின்ச் வேலை இல்லாத நேரமெல்லாம் அந்தச் சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். கேபிள் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம், ரேடியேட்டர் விசிறியிடமிருந்து தூரம். கன்ட்ரோல் பெட்டியைக் கூடுமானவரை பானெட்டுக்குள் வையுங்கள். சேற்றுத் தண்ணீர் அடிக்கிற இடத்தில் இருந்தால் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு உள்ளே இருக்கும் சொலினாய்டு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், ஒட்டிக்கொள்ளும். பொத்தானை விட்ட பிறகும் வின்ச் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவருக்குத்தான் கட் ஆஃப் சுவிட்சின் அருமை தெரியும்.

வடம் எஃகா, நூலா? எஃகு வடம் மலிவு, வெயிலுக்கு அஞ்சாது, பாறையில் உரசினாலும் தாங்கும். ஆனால் கனம், இழை அறுந்தால் முள் மாதிரி நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும், இறுகிய நிலையில் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். செயற்கை நூல் வடம் எஃகைப்போல் பலம், எடை வெகுகுறைவு, வண்டி மூக்கிலிருந்து பத்து கிலோ அளவுக்குக் குறையும். அறுந்தாலும் எஃகு அளவுக்குச் சீறாது, அதற்காக எதிரில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. அதற்கு எதிரி வெயில், மண், சூடு மூன்றும். நம் ஊரில் முதல் இரண்டுக்கும் பஞ்சமில்லை. உங்கள் வேலைக்கு நான் நூல் வடம்தான் சொல்வேன்: ஓர் உறை போட்டு மூடிவையுங்கள், கரிசல் சேற்றில் புரண்ட பிறகு பம்புசெட் தொட்டியில் போட்டு அலசி, நிழலில் காயவிட்டுச் சுற்றுங்கள். உள்ளே தங்கும் மணல்தான் இழையை அறுக்கும். பல வின்ச்களில் வின்ச்சின் பிரேக், வடம் சுற்றும் டிரம்முக்குள்ளேயே இருக்கும். எடையோடு வண்டியை இறக்கும்போது டிரம் கொதிக்கும், நூல் வடம் 145 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். அதனால் சரிவில் வின்ச்சில் தொங்கவிட்டு நீண்ட தூரம் இறக்க வேண்டாம்.

வடம் வெளியேறும் வாய்க்கும் இதில் பங்குண்டு. எஃகு வடத்துக்கு நான்கு உருளை உள்ள வாய். நூல் வடத்துக்கு வழவழப்பான அலுமினிய வாய். எஃகு வடம் ஓடித் தழும்பான உருளையில் நூல் வடத்தை ஓட்டினால் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி. கிணறு தூர் வாரும் கிரேனில் கழித்த வடம் மலிவாகக் கிடைக்கிறது, அதை மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கழித்தார்கள் என்றால் காரணத்தோடுதான் கழித்திருப்பார்கள்.

இனி யாரும் கேட்க விரும்பாத பகுதி. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிகளின் முன்னால் கிராஷ் கார்டு, புல் பார் என்கிற இரும்புத் தடுப்புகளை மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு, 182ஏ பிரிவின்படி, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். இது வீண் கெடுபிடி என்று நான் சொல்ல மாட்டேன். முன்னால் கனத்த இரும்பு இருந்தால் மோதலில் மடங்க வேண்டியது மடங்காது, அதிர்ச்சி நேராகச் சேஸிக்குப் போகும், ஏர்பேக் விரியும் கணக்கு குழம்பும். குறுக்கே வந்த சைக்கிள்காரருக்கு அந்த இரும்புதான் எமன். ஏடாஸ், அதாவது ரேடார் பார்த்து ஓட்டுநருக்கு உதவும் வசதி, உள்ள புது வண்டி என்றால் ரேடாரின் கண்ணையும் இந்தத் தகடு மறைக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் போட்டோ எடுப்பதும் அந்தப் பம்பரைத்தான்.

அதனால் நான் இப்போது இரண்டு வழிதான் சொல்கிறேன். ஒன்று, கம்பெனி பம்பரை மாற்றாமல் அதற்குப் பின்னால் சேஸிக் கொம்புகளில் ஒளிந்து நிற்கும் தொட்டில். இதுவும் மாற்றம்தான், சட்டத்தின் கண்ணில் விலக்கு கிடையாது. ஆனால் வண்டியின் மூக்கு அப்படியே இருக்கும். இரண்டு, வின்ச்சையே நிரந்தரமாக மாட்டாமல், சேஸியில் ஒரு சதுரக் குழாய் மட்டும் வைத்து, தேவைப்படும் அன்று வின்ச்சை அதில் செருகி, இரும்பு ஊசியால் பூட்டி, வேலை முடிந்ததும் கழற்றி வீட்டில் வைப்பது. நாற்பது கிலோவைத் தூக்கி மாட்ட ஆள் வேண்டும் என்பது இதன் குறை. மழை மாதங்களில் மட்டும் சேற்றில் மாட்டிக்கொள்ளும் உங்களுக்கு இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. செலவே வேண்டாம் என்றால் கையால் இழுக்கும் புல் லிஃப்ட் ஒன்றும் நல்ல பெல்ட்டும் பின்சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும். மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் பேட்டரி கேட்காது, ஆர்.டி.ஓ.வும் கேட்க மாட்டார்.

நிரந்தரமாகவே மாட்டுகிறீர்கள் என்றால் வேறு இரண்டையும் கவனியுங்கள். முன்சுருள் ஸ்பிரிங் இறங்கும். ஹெட்லைட் உயரத்தை மறுபடி சரிசெய்து, வீல் அலைன்மென்ட் பாருங்கள். வின்ச் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறைக்கும். சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும்.

கரிசலில் இழுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். சக்கரம் மட்டும் புதைந்திருந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. கரிசல் சேறு சக்கரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால் வின்ச் இருந்தாலும் முதலில் மம்பட்டி. சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் வெட்டிச் சரிவு எடுத்துவிட்டு, டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கி, சோளத்தட்டையோ கருவேலங்கிளையோ போட்டுவிட்டு இழுத்தால், வின்ச்சுக்குப் பாதி வேலைதான். சக்கரத்தையும் மெதுவாகச் சுழலவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியரைப் பார்க்கிங் 'பி'-யில் வைத்து இழுக்கவே கூடாது.

எதில் கட்டுவது? வேம்பு, புளி, முதிர்ந்த பனை நன்று. தென்னைக்கு வேர் மேலோட்டம், ஈர மண்ணில் நம்ப முடியாது. கண்மாய்க்குள் வனத்துறை வைத்த நாட்டுக் கருவேலம், நல்ல பருமனாக இருந்தால் தாங்கும். சீமைக் கருவேலத்தில் கிளையை விட்டுவிட்டு, தரையை ஒட்டிய தூரில் பல தண்டுகளையும் சேர்த்து அகலப் பட்டை பெல்ட்டால் சுற்றுங்கள். முள்ளுக்குக் கையுறை. எந்த மரமானாலும் வடத்தை நேரடியாகச் சுற்றாதீர்கள். பட்டை உரிந்து மரமும் சாகும், வடமும் கெடும். மின்கம்பம் கூடவே கூடாது. மடைத்தூணில் கட்டிவிடாதீர்கள். நூறு வருஷத்துக் கல்லாக இருக்கும், ஆடிவிட்டால் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கரையில் நிற்பார்கள், பதில் சொல்லி மாளாது.

கண்மாயில் வண்டி மாட்டினால் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அவர்களை வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விரட்டிவிட்டுத்தான் ரிமோட்டைக் கையில் எடுக்க வேண்டும். இறுகிய வடத்தை யாரும் தாண்டக் கூடாது, நீங்களும்தான். வடத்தின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அந்தக் கனம் வடத்தைத் தரையில் அமுக்கும். டிரம்மில் எஃகு என்றால் ஐந்து சுற்று, நூல் என்றால் எட்டுப் பத்துச் சுற்று எப்போதும் மிச்சம் இருக்கட்டும். வடத்தைப் பிடித்திருப்பது முனையில் உள்ள அந்தச் சின்னத் திருகு அல்ல, இந்தச் சுற்றுகளின் உரசல்தான்.

கடைசியாக ஒரு வேலை, வின்ச் மாட்டிய அன்றே செய்ய வேண்டியது. கடையில் சுற்றிக் கொடுக்கும் வடம் தளர்வாக இருக்கும்; அப்படியே விட்டால் முதல் இழுவையில் மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே புதைந்து சிக்கிக்கொள்ளும். வண்டியை லேசான ஏற்றத்தில் நிறுத்தி, மேலே இருக்கும் மரத்தில் கட்டி, அந்தக் கடைசிச் சுற்றுகளை விட்டுவிட்டு மீதி வடம் முழுக்க வெளியே எடுங்கள். உள்ளே ஒருவர் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இருக்க, வண்டியைத் தானே இழுத்து ஏறவிடுங்கள். இருநூறு முந்நூறு கிலோ இழுவையில் வடம் சுற்றுக்குச் சுற்று ஒட்டி, நூற்கண்டு மாதிரி படியும். வெளியே நிற்பவர் அந்த நேரத்தில் வடத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் தள்ளி நின்று, சேஸிக் கொம்பும் தொட்டிலும் சேரும் இடத்தைப் பார்க்கட்டும். போல்ட்டுத் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே சுண்ணாம்புக்கட்டியால் முன்கூட்டியே ஒரு கோடு இழுத்து வையுங்கள். வடம் முழுக்க ஏறிய பிறகு கோடு உடைந்திருந்தால் வண்டியை நேராகப் பட்டறைக்கே திருப்புங்கள், மீதிப் பணத்தை அதற்கு அப்புறம் கொடுக்கலாம்.